ஜன்னலோரச் சீட்டும் போங்கு என்னும் கணையும்

இந்தப் போர் நடந்தது செவ்வாயா புதனா, வீரர் அன்று அணிந்திருந்தது நீலச் சட்டையா சாம்பல் நிறமா என்று கேட்டால் எனக்கே ஐயந்தான். சில இடங்களில் என் நினைவு என்னை ஏமாற்றவும் கூடும். ஆனால் போர் நடந்தது மெய். ஆகவே, தாம்பரம் பேருந்து நிலையத்தின் டீசல் புகையே, சாட்சியாக முன்வந்து நில்! அஸ்தினாபுரத்து வேந்தே, ஓய்வுபெற்றும் ஓயாதவரே, ஆயுளில் ஒரு சிவப்பு விளக்கையும் தாண்டாத அறச்செல்வரே, வலது முழங்கால் வலியைச் சொந்த மனைவியும் அறியாது மறைத்த மானமிகு சத்யநாராயணரே, வாழ்க!

கோவளத்துத் தங்கை வீட்டுக்குக் கிளம்பியவர் அவர். அவ்வளவு தூரம் நின்றுகொண்டு போக முழங்கால் இடம் தராது. எனவே, எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாததும் எல்லாச் சட்டங்களையும்விட ஊரார் பயந்து மதிப்பதுமான அந்தப் பழம்பெரும் முறைப்படி, அருகருகே நின்ற இரு பேருந்துகளுக்கு இடையே புகுந்து, ஒன்றின் வலப்புற மூன்றாம் ஜன்னலைக் குறிவைத்து, வேலெறியும் வீரனைப்போல் தோளைப் பின்னிழுத்துத் தம் கட்டம்போட்ட கர்ச்சீப்பை எறிந்தார். பருந்தென அது சீட்டில் இறங்கியது. அக்கணமே அந்நாடு அவருடையதாயிற்று.

பிறகு, கடல் உடைத்துக்கொண்டது போன்ற கூட்டத்தில் முழங்கையே கேடயமாக, குடையே வாளாக, பையிடியும் பாதமிதியும் பொறுத்துப் படியேறிப் பார்த்தால், அந்தோ! மூன்றாம் ஜன்னலோரத்தில், மடியில் மல்லிகைக் கூடையோடு, கொலுவீற்றிருந்தார் பூக்காரி ஜெயக்கொடி. பெண்கள் பக்கம் நிரம்பிவிட்டதால் இந்தப் பக்கம் வந்தவர். கர்ச்சீப்பைக் காணவில்லை.

சத்யநாராயணர் முழங்கினார்: "இது அப்பட்டமான சட்டவிரோதம்! நான் இடம் போட்ட சீட்டு. என் கர்ச்சீப்பை எடுத்தது யார்?"

"இன்னா சார் பேஜார் பண்ற? நான் வந்து குந்தசொல்ல இங்க ஒண்ணுமே இல்ல."

"எடுத்துட்டு இல்லைன்னு சொல்றது இன்னும் பெரிய சட்டவிரோதம்மா!"

"உன் கர்ச்சீப்ப வச்சிகினு நான் இன்னா சார் பண்ணப்போறேன்? பூவா கட்ட முடியும்?"

பேருந்து சிரித்தது. வண்டியும் நகர்ந்தது. அப்போதுதான், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த பரணி என்னும் இளைஞன், காதிலிருந்த இயர்போனை ஒரு பக்கம் கழற்றி, அந்தக் கொடுங்கணையைத் தொடுத்தான்: "அக்கா, எந்திரிக்காத. அங்கிள் போங்கு."

போங்கு! இதே குற்றத்துக்குக் கோர்ட்டில் சட்டவிரோதம் என்று பெயர், ஆபீசில் முறைகேடு, வீட்டுச் சண்டையில் அநியாயம். அவற்றை எவர்மீது வீசினாலும் வக்கீல் உண்டு, ஜாமீன் உண்டு, மேல்முறையீடு உண்டு. போங்குக்கு ஒன்றும் கிடையாது. அவுட்டான பிறகும் மட்டையை விடாதவன் போங்கு. கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்ப்பவன் போங்கு. கேரம் காயை ஊதி நகர்த்துகிறவன் போங்கு. கூட ஆடுகிறவர்கள் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அப்புறம் அவனை யாரும் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. அந்தச் சொல் சத்யநாராயணரின் மார்பில் தைத்தது. கால்வலி மறந்தது, கோவளம் மறந்தது, சீட்டும் ஏறக்குறைய மறந்தது. தான் யோக்கியன் என்று இந்தப் பேருந்து முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே இப்போது அவருக்கு வேண்டியிருந்தது.

"நான் போங்கு இல்லப்பா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நெஜமாவே போட்டேன். கட்டம்போட்ட கர்ச்சீப். நிக்க முடியாமத்தான் போட்டேன்."

ஜெயக்கொடி அவர் காலைப் பார்த்தார். முகத்தையும் பார்த்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "முட்டி வலின்னு மொதல்லயே சொல்லக்கூடாதா? வா சார், குந்து. இதுக்குப்போய் சட்டம் அது இதுன்னுகினு."

வென்றார் வேந்தர்! அமர்ந்தார் அரியணையில்! தென்றல் வெண்சாமரம் வீச, மின்கம்பங்கள் வரிசையாகத் தலைவணங்கிப் பின்னோடின. பரணியைப் பார்த்து ஒரு பெருமிதப் பார்வையும் செலுத்தினார். அவ்வேளை, விசில் ஊதி, பை குலுக்கி, கண்டக்டர் வந்து சேர்ந்தார்.

"கோவளம் ஒண்ணு."

"சார், இது குன்றத்தூர் வண்டி. கோவளம் வண்டி பக்கத்துல நின்னுச்சே, பாக்கலியா?"

கட்டம்போட்ட கர்ச்சீப், அந்தோ, அந்தப் பக்கத்து வண்டியின் மூன்றாம் ஜன்னலோரத்தில் அல்லவா இறங்கியிருக்கிறது! எஞ்சின் அப்போது சற்றுத் தணிந்து ஒலித்ததாகத்தான் எனக்கு நினைவு. எந்தப் படையும் எழுப்ப முடியாத அந்த மாவீரர் தாமாகவே எழுந்தார். இரு கைகளாலும் பூக்கூடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு, ஜெயக்கொடியை மீண்டும் ஜன்னலோரம் அமரச் செய்து, அந்தப் பேரவை முழுதும் கேட்க அறிவித்தார்:

"அந்தத் தம்பி சொன்னது சரி. நான்தான் போங்கு."

"அய்ய, விடு சார்," என்றார் ஜெயக்கொடி.

பரணி பம்மலில் இறங்கினான், ஜெயக்கொடி குன்றத்தூர் வரை உட்கார்ந்து போனார், சத்யநாராயணன் சானடோரியத்தில் இறங்கித் தாம்பரத்துக்கே திரும்பி, அடுத்த கோவளம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்.