உடையப்பனின் மௌன விரதம்

"பால் கொண்டாந்திருக்கேன், சாமி."

பழனியப்பன் அறை வாசலில் கைகட்டி நின்றார். யாரைச் சாமி என்கிறார் என்று உடையப்பன் திரும்பிப் பார்த்தான். அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை. கோயில் கமிட்டித் தலைவர் பழனியப்பன் போன வாரம்வரை அவனை "டேய்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்ன விஷயம் என்று கேட்டிருக்கலாம். ஆனால் தமிழில் கேட்கக் கூடாதென்று தனக்குத் தானே தடை போட்டிருந்தான்.

உடையப்பன் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ஈப்போவில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. அமெரிக்காவில் ஒரு கல்லூரி இடம் தருகிறோம், படிப்புக்குச் சம்பளமும் கட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தது. டோஃபல் என்ற இங்கிலீஷ் பரீட்சையில் மட்டும் தேற வேண்டும். அதிலே கடினமான சொற்களுக்கென்றே ஒரு பகுதி. அங்கேதான் அவன் தடுக்கி விழுந்துகொண்டிருந்தான். இந்தத் தடவை விட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அவன் கிராணியாகவே கிழடாகிவிடுவான்.

'பரீட்சை முடியும்வரை தாய்மொழியை மறந்துவிடுங்கள்' என்றது அவன் வாங்கிய தடித்த புத்தகம். சரி என்று மறந்தான். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் அவன் குடியிருந்த தெருவில் கடினமான இங்கிலீஷ் பேச ஆள் ஏது? எனவே வாயை மூடிக்கொண்டான். தூக்கத்தை விரட்ட விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்தான். பிறகு உட்கார்ந்து, உதடு அசைய, சொற்களை முணுமுணுத்தான்.

அது தை மாதம். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரி ராக்காயி, ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் செய்தியை அவிழ்த்துவிட்டாள். "மௌன விரதம்லா! பச்சத்தண்ணி குளியல், வாயெல்லாம் மந்திரம். தம்பிக்கு ஏதோ பெரிய வேண்டுதல்!"

அதன் பலன்தான் இந்தப் பால்.

உடையப்பன் பலமாகத் தலையை ஆட்டி மறுத்தான். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். பழனியப்பன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொறுக்க முடியாமல், 'தப்பாகப் புரிந்துகொண்டீர்கள்' என்பதற்கு அந்த நேரத்தில் வாயில் வந்த ஒரே இங்கிலீஷ் சொல்லைக் கத்தினான்.

"மிஸ்அப்ரிஹென்ஷன்!"

"முருகா!" என்று பழனியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெரு முழுக்கப் போய், தம்பி தமக்கு மந்திரம் சொன்னதாகச் சொன்னார்.

மறுநாளிலிருந்து வாசலில் கூட்டம். உள்ளே அவன் "ஆப்ஸ்ட்ரெப்பரஸ், ஆப்சீக்வியஸ்" என்று உருப்போட, வெளியே பெண்கள் கும்பிட்டார்கள். இது சரிப்படாது, வயிற்றுக்காவது நல்லது செய்வோம் என்று மீரா சாஹிப் சாப்பாட்டுக் கடைக்கு நழுவினான். ஆட்டுக்கறிச் சட்டியை விரலால் காட்டினான்.

மீரா சாஹிப் சட்டியை மூடினார். "வேணாம் தம்பி. விரதத்துல இருக்கீங்க. நாளைக்கு உங்க ஆளுங்க என்னையத்தான் திட்டுவாங்க. பருப்பும் முட்டைக்கோசும் போடுறேன், சாப்பிடுங்க."

உடையப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்த ஒரே சுகமும் போயிற்று. விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் கட்டுப்பாடு உடைந்தது.

"நான் விரதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! எனக்கு ஆட்டுக்கறி வேணும்!"

தமிழில், தெருக்கோடிவரை கேட்கும்படி.

ராக்காயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, விரதத்த முறிச்சுட்டானே! எல்லாம் உங்களாலதான்லா! ஓயாம வாசல்ல வந்து நின்னா மனுசனுக்குப் பைத்தியம் பிடிக்காதா? நல்லம்மா, உன் வீட்டு ரேடியோ ஒரு நாள் ஓய்ஞ்சிருக்கா? டேய் ராஜு, உன் ஓட்ட மோட்டாருக்கு இந்தத் தெருதான் கிடைச்சுதா? சாமி குத்தம் சும்மா விடுமா?"

நல்லம்மாள் நடுங்கிப்போனாள். "இப்ப என்னக்கா செய்யிறது?"

"மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். ரூமை விட்டு வெளியே வரக் கூடாது. சாப்பாடு நான் ஜன்னல்ல கொடுக்கிறேன். எல்லாரும் சத்தம் போடாம டியாமா இருங்க, போதும்!"

"பரிகாரத்துக்குப் பால் காவடியும் எடுக்கட்டும்" என்று பழனியப்பன் தம் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

வாய் திறக்காதிருந்து பால் வந்தது. வாய் திறந்து காவடி வந்தது. இனி எதைச் செய்தாலும் அலகு குத்திவிடுவார்கள் என்று பயந்து உடையப்பன் பேசாமல் அறைக்குள் போனான்.

அன்றோடு நல்லம்மாள் வீட்டு ரேடியோ வாயை மூடியது. ராஜு மோட்டாரைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தான். பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். உடையப்பன் சொற்களைத் தின்று, முட்டைக்கோசையும் தின்று, முருகனை ஏமாற்றுகிறோமே என்ற குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருந்தான். அறையில் புத்தகத்தைத் தவிர வேறு போக்கிடமில்லை.

பரீட்சையன்று காலை அவன் கோயிலுக்குக் கிளம்புகிறான் என்று நினைத்துப் பழனியப்பன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் மஞ்சள் துணியும் கட்டிவிட்டார். அந்தக் கோலத்திலேயே பரீட்சை மண்டபத்தில் போய் உட்கார்ந்தான். மேற்பார்வைக்கு நின்ற சீன மாது அவனைத் தாண்டும்போதெல்லாம் சற்று விலகி நடந்தாள். வினாத்தாளைத் திறந்தான். மனப்பாடமான சொற்களெல்லாம் வரிசையாக நின்று அவனைப் பார்த்துச் சிரித்தன.

தைப்பூசத்தன்று பயத்திலேயே கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடியும் எடுத்தான். தெருவே பின்னால் வந்து "வேல் வேல்" போட்டது.

முடிவு வந்தது. தேறிவிட்டான். தெரு முழுக்க முருகன் மகிமையைப் பேசிற்று. உடையப்பனுக்கோ சந்தோஷத்தை விழுங்க முடியவில்லை. பொய் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. அமெரிக்காவுக்குக் கிளம்பும் முன் சமையற்கட்டில் ராக்காயி முன்னால் போய் நின்றான்.

"அக்கா, ஒரு உண்மையச் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் விரதமே இருக்கல அக்கா. வெறும் பரீட்சைக்குத்தான் படிச்சேன். நீங்கதான் பாவம், என்னைய நம்பி, ஊரெல்லாம் சொல்லி..."

ராக்காயி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்லா. 'பையன் படிக்கிறான், சத்தத்தக் குறைங்க'ன்னு ஒரு மாசமா வீடு வீடாப் போய்க் கெஞ்சினேன், ஒருத்தன் காதுல வாங்கினானா? அப்புறந்தான் 'சாமி'ன்னு சொன்னேன்."