மெஷினுக்கு உயிர் கொடுப்பவர்

உயிர் கொடுப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. டாக்டர்களைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர்கள் முடியாத இடத்தில் கையை விரித்துவிடுவார்கள். நான் சொல்கிற இனத்துக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது. எங்காவது ஒரு பட்டறையை மூடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அங்கே ஓடி, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பழைய சி.என்.சி. மில்லிங் மெஷின் ஒன்றை, அதாவது கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பைச் செதுக்கும் அந்தப் பூதத்தை, கிரேன் வைத்துத் தூக்கி, வழியில் குறுக்கிட்ட கதவு நிலையைப் பெயர்த்து, வீட்டு ஷெட்டுக்குள் நுழைத்து, "இதுக்கு உயிர் குடுத்துக் காட்டறேன் பாருங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற இனம் இது.

அடையாளம் காண்பது சுலபம். ஷெட்டுக்குள் இருக்க வேண்டிய கார் வெளியே வெயிலில் காயும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் நுண்ணிய அளவெடுக்கும் வெர்னியர் எட்டிப் பார்க்கும். வீட்டுக்கு யாராவது வந்தால், உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் ஷெட்டுக்குக் கூட்டிப்போய், மெஷினின் உடம்பில் ஒரு தட்டுத் தட்டி, "சத்தத்தக் கேட்டீங்களா? அந்தக் காலத்து வார்ப்பு. இப்ப யாரு இப்படி ஊத்தறாங்க?" என்பார் வீட்டுக்காரர். வந்தவர் கேட்டுத் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் மறுபடி தட்டுவார்.

வீட்டுக்குள்ளும் தடயம் கிடைக்கும். ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ்கட்டிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தண்டு விறைத்துக்கொண்டிருக்கும். கேக் செய்கிற ஓவனில் பேரிங் வெந்துகொண்டிருக்கும். தண்டு குளிர்ந்தால் சுருங்குமாம், பேரிங் சூடானால் விரியுமாம், பிறகு ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போய் உட்காருமாம். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆராய்ச்சிக்கு நான் வெகுதூரம் அலைய வேண்டியிருக்கவில்லை. என் அக்கா வீட்டுக்காரரே முதல்தரமான மாதிரி. பகலில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாக்கிங் பிரிவு மேலாளர். மாலையில் உயிர் கொடுப்பவர். நல்ல மனிதர். குடி இல்லை, சீட்டு இல்லை, யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். இத்தனை நல்ல குணங்களையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டை எப்படித் தலைகீழாக்க முடியும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மெஷின் வாங்கப் போனபோது துணைக்கு என்னையும் அழைத்துப்போனார். பட்டறைக்காரர் ஸ்விட்சைத் தட்டினார். திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. ஓர் அலுமினியத் துண்டை வைத்து ஏதோ பொத்தானை அழுத்த, மெஷின் முனகிக்கொண்டே அதில் சதுரமாக ஒரு குழி வெட்டியது. "வயசானதுதான், மெதுவாத்தான் செய்யும். ஆனா சொன்ன பேச்சு கேக்கும்" என்றார் பட்டறைக்காரர். மாமாவின் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். "ஓடுதே" என்றார் என்னிடம், ஏதோ துக்கச் செய்தி சொல்வதுபோல. பிறகு மெஷினைச் சுற்றி வந்தார், பின்பக்கக் கதவைத் திறந்து வயர்களைப் பார்த்தார், அப்போதுதான் முகத்தில் ரத்தம் ஓடியது. "கன்ட்ரோலர் ரொம்பப் பழசு மாப்ள. எல்லாத்தையும் மாத்திடலாம்."

மெஷின் வீட்டுக்கு வந்த அன்று மாலையே மாற்ற ஆரம்பித்துவிட்டார். திரையைப் பிடுங்கினார், மோட்டார்களைக் கழற்றினார், பின்பக்கத்து வயர்களையெல்லாம் குடலை உருவுவதுபோல உருவிப் போட்டார். இதற்கு அவர்கள் பாஷையில் ரெட்ரோஃபிட் என்று பெயர். உடம்பு பழசு, மூளையும் நரம்பும் புதுசு. ஓடுகிற மெஷினை எதற்காகக் கழற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என்ன கேள்வி இது? ஓடுகிற மெஷினுக்கு எப்படி ஐயா உயிர் கொடுப்பது? முதலில் அது சாக வேண்டாமா?

இந்தச் சமயத்தில்தான் துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற அக்காவின் ஓவர்லாக் மெஷினில் ஒரு பாகம் உடைந்தது. அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொடுக்க முதல் முறையாக ஆர்டர் பிடித்திருந்தாள். ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் வருஷா வருஷம் அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். துணி வெட்டி அடுக்கியாயிற்று, ஓரம் அடிக்க வேண்டும், அந்த நேரம் பார்த்துத் துணியை முன்னே தள்ளும் பற்களைத் தாங்கிப் பிடிக்கிற கட்டைவிரல் அளவு இரும்புத் துண்டு இரண்டாகப் போய்விட்டது. "கடையில கிடைக்கும், போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று பையை எடுத்தாள்.

மாமா அந்தத் துண்டை அவள் கையிலிருந்து வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடையிலயா? வீட்ல மில்லிங் மெஷின வச்சுக்கிட்டு இதுக்குப் போய்க் கடைக்குப் போறியா? யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"மெஷின்தான் பிரிஞ்சு கிடக்குதே."

"வயரிங் மட்டும்தான் பாக்கி. முதல் ஜாப் உன்னோடதுதான்."

வயரிங் மட்டும்தான் பாக்கி. இந்த இனத்தின் தேசிய கீதம் இது. எந்த நாட்டில், எந்த ஷெட்டில் போய்க் கேட்டாலும் இதே ராகம்தான். வயரிங் முடிந்தால் மோட்டாரை ஓட்டுகிற டிரைவ் மட்டும்தான் பாக்கி. டிரைவ் வந்தால் அதற்கு மோட்டார் ஒத்துவரவில்லை. மோட்டாரை மாற்றினால் அதை மாட்டும் தகட்டில் துளைகள் இடம் மாறியிருக்கும். இதற்கு நடுவில், பாதி பிரிந்து கிடக்கும் மெஷினுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். என்ன நிறம் என்பதில் கருத்து வேற்றுமை வரும். மாமாவின் வாட்ஸ்அப் குழுவில் சாம்பலா, இளம்பச்சையா என்று நடந்த சண்டையில் இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறிப்போனார்கள்.

அக்காவின் பாகத்தை அவர் மறந்துவிட்டார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மறக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் அதை அவ்வளவு அழகாக வரைந்து வைத்திருந்தார். விரலால் தொட்டால் சுழலும், வெள்ளி மாதிரி பளபளக்கும், உள்பக்கத்தைக்கூடத் திறந்து காட்டும். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். ஒருநாள் அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா. "இந்தப் படத்த வச்சு ஓரம் அடிக்க முடியுமா?"

மாமா சிரித்தார். அவள் தமாஷ் செய்கிறாளாம்.

அவள் பாட்டுக்கு வெட்டிய துணிகளை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய், அந்தம்மா தூங்குகிற மதிய நேரத்தில் மட்டும் அவர் மெஷினில் ஓரம் அடித்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "பேசாம அந்தப் பாகத்தக் கடையிலயே வாங்கிடேன்க்கா" என்றேன். "வாங்கலாம். அப்புறம் அந்த மனுஷன் முகத்த யாரு பாக்கறது?" என்றாள். வீட்டில் ஒருவர் உயிர் கொடுக்கிறார் என்றால், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே பாதி உயிரை விட வேண்டியிருக்கிறது.

ஒருவழியாக மெஷின் நகர்ந்தது. சரித்திர நிகழ்ச்சிக்குச் சாட்சியாக, நாங்கள் 'மைக்ரான்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிற மாமாவின் நண்பர் வந்திருந்தார். ஒரு தொழிற்சாலையில் பாகங்களை அளந்து தள்ளுபடி செய்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் தட்டில் வைத்த பிஸ்கட்டை வட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். மாமா பொத்தானை அழுத்தினார். இரும்பை வைத்து வெட்டுகிற மெஷினின் மேசை இடதுபக்கம் போனது, நின்றது, வலதுபக்கம் வந்தது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மாமாவின் கண் கலங்கியே விட்டது. அதில் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். "அப்ப என்னோடத வெட்டிடலாமா?"

மைக்ரான் தொண்டையைச் செருமினார். "முதல்ல மெஷினுக்கே ஒரு சின்ன பிராக்கெட் தேவைப்படுதும்மா. கூலன்ட் பைப் ஆடுது பாருங்க."

இங்கேதான் இந்த இனத்தின் பெரிய ரகசியம் இருக்கிறது, கவனியுங்கள். உயிர் பெற்ற மெஷின் முதலில் தன் வேலையைத்தான் செய்துகொள்ளும். வெட்டும் இடத்தில் சூடு தணிக்கத் தண்ணீர் ஊற்றுகிற கூலன்ட் பைப்புக்கு பிராக்கெட் வெட்டியது. பிறகு அந்த பிராக்கெட்டை மாட்ட ஒரு தகடு, பிறகு தன் கதவுக்கு ஒரு கைப்பிடி, பிறகு தன் மோட்டாருக்கு ஒரு மூடி, பிறகு தன் நெற்றியில் ஒட்டிக்கொள்ள மாமாவின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. அக்கா தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "தானே சமைச்சுத் தானே சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. நம்ம தட்டுல எப்ப வந்து விழப்போகுது?"

பெயர்த் தகட்டை அளந்து பார்த்ததில் மைக்ரானுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேசையைத் திருப்பி நகர்த்தும்போது மயிரிழை அளவுக்குச் சும்மா ஆடுகிறது, இதில் வெட்டினால் அளவு மயிரிழை தப்பிப் போகும் என்றார். மாமா இடி விழுந்தவர் மாதிரி உட்கார்ந்தார். அக்கா கேட்டாள், "மயிரிழை தப்பினா துணி தைக்காதா?" இரண்டு பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஷின் மறுபடி அக்கக்காகப் பிரிந்து தரையில் கிடந்தது. மாமாவின் வாயெல்லாம் பல். இத்தனை நாளில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பள்ளி திறப்பதற்குள் சீருடை வந்து சேராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். அக்கா "சரிங்க" என்று போனை வைத்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை. அன்றிலிருந்து ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "உங்க அக்கா இப்பதான் மாப்ள இந்த வேலையோட அருமையப் புரிஞ்சுக்கிட்டா" என்றார் என்னிடம்.

ஷெட்டில் நான் அவருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், வீட்டுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. மாமா தலையை நிமிர்த்தினார். மெஷின் சத்தம் என்றால் அவர் காதுக்குத் தப்பாது. கையைத் துடைக்காமல் உள்ளே போனார், பின்னாலேயே நானும். அக்காவின் ஓவர்லாக் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஓரம் அடித்த சட்டைகள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மறுபக்கம் நாலைந்துதான் மிச்சம்.

"ஓடுதே" என்றார் மாமா.

"ஆமா."

"அந்தப் பாகம்?"

"கடையில வாங்கினேன்."

"எப்ப?"

"நான் உங்ககிட்டக் கேக்கறத நிறுத்தினேன்ல, அன்னைக்கு."

மாமா மெஷின் பக்கத்தில் வந்தார். ஏதாவது சொல்வார், வருத்தப்படுவார், குறைந்தபட்சம் அடுக்கியிருந்த சட்டைகளையாவது பார்ப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, காதைச் சாய்த்து, ஓடுகிற ஓவர்லாக்கைக் கேட்டார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் வெர்னியரை எடுத்தது.

"லேசா ஒரு தட்டல் கேக்குது. கழட்டிக் குடேன், அளந்து பாத்துட்டு உடனே தந்துடறேன்."

"கைய எடுங்க" என்றாள் அக்கா.

கையை எடுத்தார். அவள் அடுத்த சட்டையை உள்ளே விட்டாள். சீருடைகள் பள்ளி திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தன. அடுத்த வருஷத்துக்கும் அவளுக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஷெட்டில் இன்னமும் வயரிங் மட்டும்தான் பாக்கி.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கிரேனும் இல்லை, மில்லிங் மெஷினும் இல்லை. நீங்கள் உயிர் கொடுப்பது வேறு எதற்காவதாக இருக்கலாம். ஒரு பழைய ஸ்கூட்டருக்கு, ஒரு சங்கத்துக்கு, பாதியில் நிற்கும் ஒரு புத்தகத்துக்கு. என்னவாக இருந்தாலும், உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் உங்களிடம் சின்னதாக ஒன்று கேட்டிருப்பார். "முதல்ல உன்னோடதுதான்" என்று நீங்களும் வாயாரச் சொல்லியிருப்பீர்கள். அவர் அதை இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தால் பயமில்லை. சமீப காலமாக அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, நம்மைப் புரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்து நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்களா? அப்படியானால் அவர் கடைக்குப் போய்விட்டு வந்து வெகுநாள் ஆகிறது.