கண்ணாடிக் கதவில் உப்புக் கறை

"இது கண்ணாடியா, சுண்ணாம்பு அடிச்ச செவரா?" என்று பட்லர் முத்திருளன் கேட்டார்.

பங்களாவில் கழுவித் துடைக்கிற ஒச்சாயி கையிலிருந்த துணியால் அதை இன்னொரு தரம் துடைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் மில் மேனேஜர் துரையின் பங்களா மாடியில், குளியலறைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே அந்தக் கதவு. மூன்று மாதத்துக்கு முன்னால் சீமையிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து வைக்கோல் திணித்த பெட்டியில் மதுரைக்கு வந்த முழுக் கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் தலைக்கு மேலே பூவாளி மாதிரி ஒரு குழாய். திருகினால் மழையாகக் கொட்டுமாம். 1937-ல் மதுரையில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒன்று கிடையாது என்று முத்திருளன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

இப்போது அந்தக் கதவு மேலிருந்து கீழ்வரை மோர் தெளித்தது போல வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருந்தது.

"இன்னும் இருபது நாள்ல தொரசாணி வாராக. அவுகளுக்குன்னே வாங்குன கதவு. தொரை நெதம் சாயங்காலம் எட்டிப் பாத்துட்டு மொகத்தச் சுளிச்சிட்டுப் போறாரு. இப்புடியே கெடந்துச்சுன்னா மெட்ராஸ்லேருந்து ஆயா ஒருத்திய வரவழைச்சிருவாரு. நீ ஒன் ஊரு கீழக்குயில்குடிக்கு நடையக் கட்ட வேண்டியதுதான்."

"நான் என்னண்ணே செய்ய? தெனம் தேச்சுக் கழுவத்தான் செய்யிறேன். காலையில நான் வாரதுக்கு முந்தி தொரை குளிச்சிட்டுப் போறாரு, திரும்பவும் கறை ஏறிருது. கிணத்துத் தண்ணி அம்புட்டு உப்பு."

தண்ணீரைப் பற்றி அவள் சொன்னது உண்மைதான். பங்களாக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. துரை குடிப்பதற்கு மட்டும் வண்டிக்காரர் மலையாண்டி வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, பீப்பாய் வண்டியில் தண்ணீர் கொண்டு வருவார். மற்ற எல்லாவற்றுக்கும் கிணறுதான்.

புருஷன் போனபிறகு ஒச்சாயிக்குக் கிடைத்த வேலை இது. அதைவிட, அவள் கைபட்ட பாத்திரம் எதுவும் அழுக்காக நின்றதாகச் சரித்திரமே இல்லை. ஒரு கதவிடம் தோற்றுப் போவதா?

முதலில் சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காமல் தயிராகத் திரிந்தது. மறுநாள் திட்டுகளின் மேல் ஒரு ஆடையும் படிந்திருந்தது.

அடுத்து, வெண்கலத்துக்குப் போடுகிற செங்கல் பொடி. கீழ் ஓரத்தில் ஒரு சாண் தேய்த்திருப்பாள். 'கிறீச்' என்ற சத்தத்தில் அவளுக்கே பல் கூசியது. குனிந்து பார்த்தாள். கறையோடு சேர்த்துக் கண்ணாடியிலும் கீறல் விழுந்திருந்தது. பொடியை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு, அன்று முழுக்க அந்த மூலையை மறைத்தபடியே நின்றாள்.

அதற்குள் பத்து நாளுக்கு மேல் ஓடிவிட்டது. மூன்றாவதாகப் புளி. புளி தொட்டதும் கறை மாயமாய்ப் போயிற்று. ஒச்சாயி சிரித்துக்கொண்டே இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். காலையில் பார்த்தால் கறை பழைய இடத்திலேயே இருந்தது. கூடவே, மிச்சமிருந்த புளியைத் தேடி எறும்பு சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

"கறை வந்தபிறகு தேய்க்கிறதுக்குப் பதிலா வராமலே பாத்துக்கிடலாம்ல" என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். எண்ணெய் தடவினால் தண்ணீர் ஒட்டாதே. கதவு முழுக்க நல்லெண்ணெய் தடவினாள். அன்று சாயங்காலம் துரையின் நாய் மாடிக்கு வந்தது. தன் நாக்கு எட்டிய உயரம்வரை நக்கித் தீர்த்தது. அதற்கு மேலே மில் பஞ்சுத்தூசி பறந்து வந்து ஒட்டிக்கொண்டது.

மறுநாள் முத்திருளன் கதவைத் தொட்டார். விரலில் எண்ணெயோடு பஞ்சும் ஒட்டி வந்தது.

"கதவுக்குத் தாடி மொளச்சிருக்கு ஒச்சாயி."

"நாலு நாள் குடுங்கண்ணே."

"நாலு நாள்ல தொரசாணியே வந்துருவாக."

மறுநாள் விடிந்ததும் ஒச்சாயி சமையல்கட்டுப் பின்னால், மலையாண்டி பீப்பாயிலிருந்து தண்ணீர் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செம்பில் வழிந்த தண்ணீர் வெயிலில் காய்ந்தது. செம்பின்மேல் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"மாமா, இதுல எனக்கு நெதம் ரெண்டு கொடம் வேணும்."

"இது தொரை குடிக்கிற தண்ணியாத்தா."

"அவரு குடிக்கிறதுல வேணாம். தனியா கொண்டாங்க. ஒங்க மாட்டுக்கு நான் புல்லு அறுத்துப் போடுறேன்."

மலையாண்டி மாட்டைப் பார்த்தார். பிறகு சரியென்று தலையாட்டினார்.

அன்று எண்ணெயையும் பஞ்சையும் சீயக்காய் போட்டு எடுத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தால் கதவு முழுவதையும் தேய்த்தாள். ஊற்றுத் தண்ணீர் விட்டு அலசினாள். ஒரு சொட்டுக்கூடக் காய விடாமல், நைந்த வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். மறுநாள் ஓடி வந்து பார்த்தாள். கறை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

துரைசாணி வருகிற அன்று காலை முத்திருளன் கடைசியாகச் சரிபார்க்க மாடி ஏறினார்.

"கதவ எங்க கழட்டி வச்ச?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நடந்தவர், 'டங்'கென்று மூக்கை இடித்துக்கொண்டார்.

மூக்கைப் பிடித்தபடியே அவர் சொன்னார்: "ஒச்சாயி, நீ செயிச்சிட்ட."

துரைசாணி வந்தாள். கதவைத் தடவினாள், விரலைப் பார்த்தாள், மறுபடி தடவினாள். துரையிடம் படபடவென்று ஏதோ பேசினாள். துரை ஒச்சாயியைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார்.

முத்திருளன் வீங்கிய மூக்கோடு மொழிபெயர்த்தார்: "மெட்ராஸ் ஆயா வேண்டாமாம். மாடி முழுக்க இனி ஒன் பொறுப்பாம். சாவிக்கொத்தையே ஒங்கிட்டக் குடுக்கச் சொல்றாக."

ஒச்சாயி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். அது அசைகிற சத்தத்தைக் கேட்பதற்காகவே அந்த அறைக்குள் இரண்டு நடை அதிகமாக நடந்தாள். எல்லோரும் கீழே இறங்கிப் போனார்கள். அந்த நேரத்தில், தோளில் குடத்தோடு மலையாண்டி பின்படி வழியாக ஏறி வந்தார்.

"பாத்தீகளா மாமா? மூணு மாசமா தொரை நெதம் குளிக்கிற எடம். ஒரு கறை காட்டுங்க பாப்போம்."

மலையாண்டி குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"தொரை எங்கிட்டு ஆத்தா இதுல குளிச்சாரு? தொரசாணிதான் மொதல்ல குளிக்கணும்னு அவரு இம்புட்டு நாளும் கீழ்வீட்டுலதான் குளிக்கிறாரு. இந்தக் கொழாய்த் தொட்டிக்கு இன்னக்கித்தான் மொதக் கொடம் ஏத்தவே போறேன், அந்தக் கதவுல இதுவரைக்கும் தண்ணி ஊத்துன ஒரே ஆளு நீதான்."