ஒருவர் வீட்டுக்கும் போகாத பயணம்

அன்று காலை மூதூரில், மாமியின் குசினி வாசலில் நின்று நான் ஒரு பிரகடனம் செய்தேன்.

"றுஷ்தா, இண்டைக்குத் திருகோணமலைக்குப் போறம். நீயும் நானும் மட்டும். ஒரு சொந்தக்காரர்ர வீட்டுப் படியும் மிதிக்க மாட்டம்."

கல்யாணமாகி மூன்று மாதத்தில் என் மனைவிக்கு நான் போட்ட முதல் நிபந்தனை இது. குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் வெளியே வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை. நல்ல வேலைதான். ஆனால் பட்டதாரி என்றால் அரசாங்க உத்தியோகம் என்பது எங்கள் ஆட்களின் சட்டம். லீவுக்கு மூதூர் வந்த நாள் முதல் றுஷ்தாவின் சொந்தங்கள் வீட்டில் விருந்து. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி.

"தம்பிக்கு இன்னும் கவர்ன்மென்ட் வேல கிடைக்கல்லையா?"

அதையும் வட்டிலப்பம் என் வாய்க்குள் போன பிறகுதான் கேட்பார்கள். விழுங்கவும் ஏலாது, பதில் சொல்லவும் ஏலாது. எனக்குப் பொய் வராது. வியர்வை மட்டும் வரும்.

இது மூதூரில் இருக்கும் பாதிச் சொந்தம். மீதிப் பாதி குடாவுக்கு அந்தப் பக்கம் திருகோணமலையில், வட்டிலப்பத்தோடு காத்திருந்தது.

றுஷ்தா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே யோசித்தாள்.

"பெரிய மாமா கோவிப்பாரே."

"கோவிக்கட்டும்."

"சாச்சி அழுவாவே."

"அழட்டும்."

"சரி. ஒருத்தர்ர வீட்டுக்கும் போறல்ல."

"சத்தியமா?"

"உங்களுக்கு நான் எப்ப பொய் சொல்லியிருக்கேன்?"

நான் வென்றுவிட்டேன். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் நிக்காஹ் முடிந்த அன்றே தொடங்கியிருப்பேன். அவள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். உடுப்பு மாற்றத்தான் என்று நினைத்தேன். நெடுநேரம் மாற்றினாள்.

வெளியே வந்தபோது கையில் ஒரு பெரிய பை. தூக்கிப் பார்த்தேன். தோள் கழன்றது.

"என்ன இது?"

"தயிர்ச் சட்டி. போற இடத்தில பசிக்கும்தானே."

"இவ்வளவும் நாங்க ரெண்டு பேருமா தின்னப் போறம்?"

"நல்ல தயிர்" என்றாள்.

பெரிய விசயத்தில் வென்றவன் சின்ன விசயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். பையைச் சுமந்தேன்.

லோஞ்சிப் படகு குடாவைக் கடக்கும்போது என் திட்டத்தை விளக்கினேன். சொந்தங்கள் குடியிருக்கும் ஜமாலியாப் பக்கம் தலை காட்டுவதில்லை. கோட்டைக்குப் போய் மான் பார்ப்பது. டச்பே கடற்கரையில் இருப்பது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பலூடா குடித்துவிட்டுத் திரும்புவது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நேரத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். "டச்பேக்கு எத்தின மணிக்கு? பலூடாக்கு?" என் திட்டத்தில் ஒரு பெண் இவ்வளவு அக்கறை காட்டியது இதுவே முதல் தடவை.

இறங்குதுறையில் ஒரு ஓட்டோக்காரர் வந்த ஆட்களையெல்லாம் விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க மருமகன்."

கொழும்பில் 'பொஸ்' என்பார்கள். இங்கே மருமகன் என்கிறார்கள். எவ்வளவு பண்பான ஊர். கோட்டை வாசலில் காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். றுஷ்தாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அவள் ஒரு தயிர்ச் சட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஏன் குடுத்தாய்?"

"காசு வாங்கல்லையே, பாவம்."

நியாயம்தான். கோட்டைக்குள் ஒரு மான் என்னை உற்றுப் பார்த்தது. அதுவும் ஒன்றும் கேட்கவில்லை.

டச்பேயில் பாய் விரித்து ஒரு குடும்பம் இருந்தது. அந்தப் பெண்மணி எங்களைக் கண்டதும் கை காட்டினார்.

"மகன், வெயிலுக்க நிக்காம இஞ்ச வந்து இரிங்க. சோறு கூடிப் போச்சு."

முன்பின் தெரியாதவர்கள் என்று நான் தயங்கினேன். றுஷ்தா அதற்குள் பாயில் இருந்துவிட்டாள். அந்த வீட்டுக்காரரோடு ஒரே சஹன் தட்டில் கை வைத்து, கோழிக் காலை நான் கடித்த நேரத்தில் பெண்மணி தொடங்கினார்.

"மகனுக்கு வேல..."

றுஷ்தா இருமினாள்.

"...வேளைக்குச் சாப்பிட்டாத்தான் உடம்புக்கு நல்லம்" என்று முடித்தார்.

எவ்வளவு கரிசனை. அங்கேயும் தயிர்ச் சட்டி ஒன்று கை மாறியது. பை லேசானது. சந்தோசத்தில் பாரம் தெரியாது என்பது உண்மைதான்.

பலூடாக் கடையில் முதலாளியே எழுந்து வந்து பரிமாறினார். நான் கேட்காமலே இரண்டாவது கிளாஸ் வந்தது. அதைக் குடிக்கும் நேரத்தில் றுஷ்தா பையோடு கடைக்கு உள்ளே போய் வந்தாள்; லோஞ்சி வரை அவளே அதைச் சுமந்தாள். அவரும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏதோ ஒன்றை விழுங்கினார். பலூடா குடித்தது நான், விழுங்கியது அவர்.

திரும்பும் லோஞ்சியில் நான் ராசா. புவியியல் பட்டதாரி வேறு. சும்மா இருக்க முடியுமா?

"றுஷ்தா, இது இயற்கைத் துறைமுகம். அலை அடிக்காத இடத்தில மனிசரும் அமைதியா இருப்பாங்க. ஒருத்தராவது தேவையில்லாத கேள்வி கேட்டாங்களா? சொந்தக்காரர் இல்லாத ஊர்தான் சொர்க்கம்."

"படிச்ச ஆள் சொன்னாச் சரிதான்."

பையைத் தூக்கினேன். மறுபடி தோள் கழன்றது.

"தயிர் முடிஞ்சுதே. இப்ப என்ன பாரம்?"

"வீட்ட போய்ப் பாருங்க."

வீட்டு வாசலில் மாமி நின்றார். "எல்லாரையும் கண்டுட்டீங்களா மகள்?"

"ஓம் உம்மா." றுஷ்தா என் தோளில் கிடந்த பையை அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கதிரையில் வைத்தாள். "இது ஓட்டோவில கூட்டிப் போன முனீப் மாமா இவருக்கு உடுக்கத் தந்த சாரம். இது கடற்கரையில சோறு தந்த ஆமினா சாச்சிட படுக்கை விரிப்பு. இது பலூடாக் கடை வெச்சிருக்கிற பெரிய மாமா, கலீலுர் றஹ்மான் மாமா, இவருக்கு எண்டு எடுத்த ஷேட். கலியாணத்தில கை குடுத்த ஆக்கள். இவருக்கு ஒருத்தரையும் ஞாபகமில்ல."

உண்மைதான். கலியாணத்தன்று எல்லாரும் வெள்ளைத் தொப்பி. என் கண்ணோ பள்ளிவாசல் படியில் கழற்றிவைத்த புதுச் சப்பாத்தில் இருந்தது.

நான் கதிரையைத் தேடினேன். அதில் சாரம் இருந்தது. நின்றபடியே கேட்டேன்.

"அப்ப ஏன் ஒருத்தரும் அந்தக் கேள்வியக் கேக்கல்ல?"

"நான் சொல்லி வெச்சேன். அந்த வேலைக் கதையக் கேட்டா இவருக்கு வேர்க்கும், இண்டைக்கு மட்டும் கேளாதீங்க எண்டு."

நெஞ்சு குளிர்ந்தது. தோற்றாலும் இப்படித் தோற்க வேண்டும். என் மனைவி ஒரு ஊரையே என் பொருட்டு வாயை மூட வைத்திருக்கிறாள். அவளுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். பிறகுதான் ஒரு சொல் உறைத்தது.

"இண்டைக்கு மட்டுமா?"

"ஓம். கேக்க ஏலாமப் போச்செண்டு எல்லாருக்கும் கவல. நாளைக்குப் பகல் சாப்பாட்டுக்கு இஞ்ச வாறாங்க."

மாமி குசினிக்குள் வட்டிலப்பத்துக்கு முட்டை உடைக்கத் தொடங்கினார். றுஷ்தா என் தோளிலிருந்து பையை மெதுவாக எடுத்து மடித்தாள்.

"பயப்படாதீங்க. சொன்ன சொல் தவறல்ல. நாங்க ஒருத்தர்ர வீட்டுக்கும் போகல்லையே. அவங்கதானே வாறாங்க."