கலப்பில்லாத ப்ரோக்கோலி

மயிலாப்பூர் வரலாற்றில் தேரோட்டத்துக்கு அடுத்தபடியாகக் குறிப்பிட வேண்டியது, சுபிட்சம் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் ஒரு ப்ரோக்கோலி நூற்று அறுபத்தோரு நாளில் விதை கொடுத்த நிகழ்ச்சியே. சங்கச் செயலாளர் சாய்நாத்தே இப்படி அறிவித்துவிட்டதால் வேறு சான்று தேவையில்லை.

பணி ஓய்வுக்குப் பின் நாட்டைத் திருத்த நினைத்த சாய்நாத், வசதி கருதி மொட்டை மாடியிலிருந்து தொடங்கினார். வீரிய ஒட்டு விதை என்றாலே அவருக்கு அருவருப்பு. அதில் பிறக்கும் பிள்ளை யாரைப் போல இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறாத 'நாட்டு' விதையை இணையத்தில் தேடி, இத்தாலியிலிருந்து வரவழைத்தார். ப்ரோக்கோலி நம் பாரம்பரியக் காய்தானா என்று முதல் மாடி அசோகன் கேட்டார். வாக்கெடுப்பு நடந்தது. கைகள் உயர்ந்தன. அது பாரம்பரியக் காய் ஆயிற்று.

இரண்டாம் மாடி ஷண்முகப்ரியா தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளை 'அறிவியல் ஆலோசகர்' ஆக்கினார்கள். ஆலோசகரின் பணி, காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் காது மடல் சிவந்து, சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிடும் பெண் அவள். அந்தப் பதவிக்கு அதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

முளைத்த பன்னிரண்டு செடிகளில் ஒன்று மட்டும் வளையாமல் நிமிர்ந்து நின்றது. சாய்நாத் அதைக் குலக்கொழுந்து என்றார். அதன் 'நல்ல ரத்தம்' கெட்டுவிடக் கூடாதென்று மற்ற பதினொன்றையும் வேரோடு பிடுங்கினார்.

"சார், ஒரே ஒரு செடின்னா..." என்றாள் ஷண்முகப்ரியா.

"ஒண்ணு போதும்மா. சுத்தத்துக்கு எதுக்குக் கூட்டம்?"

மீதியை வழக்கம்போல விழுங்கினாள்.

மாசியில் குலக்கொழுந்து மஞ்சளாகப் பூத்தது. உடனே அதைச் சுற்றிக் கொசுவலை கட்டப்பட்டது. இத்தாலி உறையில் 'திறந்த மகரந்தச் சேர்க்கை விதை' என்று போட்டிருந்தது; பெயர் மட்டும் திறந்திருந்தால் போதும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்ந்தன. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தேநீர் ஆறுவதற்குள் அது காரணத்தைக் கண்டுபிடித்தது: மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜுவேரியா, காஷிஃப் தம்பதியின் வீட்டிலிருந்து எழும் கறிக்குழம்பு வாசனை.

அறிவிப்புப் பலகையில் அதைப் படித்துவிட்டு வந்த ஜுவேரியா, மாடிப்படியில் ஷண்முகப்ரியாவை நிறுத்தினாள்.

"இன்னா ப்ரியா, எங்க வூட்டுக் குழம்பு வாசனை உங்க செடிக்கு ஆவலியாமே. மூக்கு எங்க கீது அதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஜுவேரியா சிரிக்கவில்லை. சித்திரையோடு வீட்டு ஒப்பந்தம் முடிகிறது என்றாள். சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்காரர் சங்கம் சொல்கிறபடிதான் செய்வார். தி. நகரில் பார்த்த வீடுகளெல்லாம் காஷிஃப் தன் பெயரைச் சொல்லும்வரை காலியாக இருந்தன. சொன்ன மறுநிமிடமே, நேற்றே வேறு ஆள் வந்துவிட்டதாக வீட்டுக்காரர்களுக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் ஆலோசகர் முதல்முறையாக ஆலோசனை சொன்னாள். காலையில் வலையைத் தூக்கிவிட வேண்டும், தேனீ வர வேண்டும்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?" என்றார் சாய்நாத்.

"தேனீ சார். எங்கேர்ந்து வேணும்னாலும் வரும்."

அவர் யோசித்தார். கோயில் பக்கத்திலிருந்து வந்தால் ஆட்சேபணை இல்லை என்று அனுமதி வழங்கினார்.

தேனீக்கள் வந்தன. தண்ணீர் ஊற்றும்போது ஷண்முகப்ரியா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை கைப்பிடிச் சுவரைத் தாண்டி நேரே கீழே, ஜுவேரியா வீட்டு பால்கனிக்கு இறங்கின. ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் பறிக்காமல் விட்ட காலிஃப்ளவர் அங்கே தொட்டியில் விரிந்து பூத்திருந்தது. அதே மஞ்சள். தேனீக்கள் அதில் புரண்டுவிட்டு மறுபடி மேலே ஏறி வந்தன.

குலக்கொழுந்து காய் பிடித்தது. ஜுவேரியா அந்த வாரம் முழுக்கக் கதவு, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வியர்வையில் சமைத்ததால் கிடைத்த பலன் என்று குழு தன்னைத்தானே பாராட்டிக்கொண்டது.

பங்குனியில் பொதுக்குழு கூடியது. 'கலப்பில்லாதது' என்று அச்சிட்ட சின்னப் பொட்டலங்களில் விதையைப் போட்டு, குங்குமம் வைத்து, வீட்டுக்கு ஒன்றாக சாய்நாத் வழங்கினார். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அடுத்து, விதையில் காத்த தூய்மையைக் கட்டடத்திலும் காக்கும் பொருட்டு, மூன்றாம் மாடி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாமென்று வீட்டுக்காரருக்குப் பரிந்துரைக்கும் தீர்மானம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆகவே நாற்காலியும் இல்லை. ஜுவேரியா தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றாள். யாரும் எதிர்க்கவில்லை. கேள்வி கேட்கும் அசோகன்கூடப் பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை தூக்கும் முன், விதையின் தூய்மை பற்றி அறிவியல் பூர்வமாக இரண்டு வார்த்தை சொல்லும்படி சாய்நாத் ஆலோசகரை அழைத்தார். ஷண்முகப்ரியா எழுந்தாள். காது மடல் சிவந்தது.

"ப்ரோக்கோலிக்குத் தன்னோட மகரந்தத்துல விதை பிடிக்காது சார். இன்னொரு செடி வேணும். நீங்க பதினொண்ணையும் பிடுங்கிட்டீங்க."

"அப்ப இது எப்படிம்மா காய்ச்சுது?"

அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தாள். இந்த முறை விழுங்கவில்லை.

"ஜுவேரியா அக்கா வீட்டுக் காலிஃப்ளவராலதான் சார். ரெண்டும் ஒரே இனம். அதோட சேரக்கூடியதா இங்க வேற எதுவும் பூக்கலை. இப்ப நீங்க எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிட்டது அவங்க வீட்டுப் பிள்ளைங்களைத்தான்."