பின்னால் போகாத கியர்பாக்ஸ் பற்றி மருமகன் கிருஷ்ணமணிக்கு

தாழக்குடி,
மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முந்தின வாரம்.

மருமகன் கிருஷ்ணமணிக்கு, மாமா முறையிலும் வாடிக்கையாளர் முறையிலும் தாணுமாலயன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை பகவதியம்மாளும் சுகம். அங்கே நீங்களும் வீட்டாரும், ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர்களும், அங்கே நிற்கும் வண்டிகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் வண்டிக்கு மட்டும் சுகமில்லை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். எதைச் சொல்வதானாலும் முதலில் கரும்பலகையில் வரிசை எழுதிவிடுவேன். அப்படியும் வழி தவறுவது உண்டு. ஆகவே:

1. உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும், நமக்குள் உறவு கண்டுபிடிக்கப்பட்டதும்.
2. ரீகண்டிஷன் செய்த கியர்பாக்ஸைப் பொருத்தியபின் கார் பின்னால் போக மறுப்பது.
3. அதனால் நானும் உங்கள் அத்தையும் படும் பாடு.
4. இதை நான் பலமுறை நேரில் வந்து உங்களிடம் சொல்லியும் நீங்கள் கவனிக்காதது.
5. கடியப்பட்டணம் மரியஜானுக்கு மட்டும் அன்றைக்கே வேலை நடந்தது.
6. என் வேண்டுகோள்.

முதலாவது. எங்கள் கார் ஆட்டோமேட்டிக். உங்கள் அத்தைக்கு இடது முட்டு சரியில்லை, கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் தோஹாவிலிருக்கும் மகன் சிவபிரசாத் அதை வாங்கிக் கொடுத்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்தாலும் ஓட்ட மாட்டேன். அவள்தான் ஓட்டுவாள், நான் பக்கத்தில் இருந்து ஹாரன் அடிக்கச் சொல்லுவேன். கியர்பாக்ஸ் பழுதானபோது, புதிதாக வாங்குவதைவிட ரீகண்டிஷன் செய்தது போதும் என்று யாரோ சொல்லி, உங்களிடம் வந்தோம். நீங்கள் காரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

"சாருக்கு எந்த ஊரு?"

"தாழக்குடி."

"தாழக்குடியில யாரு வீடு? அம்மைக்குப் பொறந்த ஊரு எது?"

"தேரூர்."

"தேரூர்லயா? எங்க சித்திய அங்கயாக்கும் கெட்டிக் குடுத்திருக்கு. அப்போ நீங்க எனக்கு மாமால்லா? ஏட்டி பிந்து, மாமாவுக்கு ஒரு காப்பி சொல்லு."

ஒரு செடியைக் கண்டால் அது எந்தக் குடும்பம் என்று கேட்பது என் தொழில். முப்பத்து சொச்சம் ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். என்னை அப்படிக் கேட்டு, இலை, காம்பு, வேர் வரைக்கும் பார்த்து வகைப்படுத்தியவர் நீங்கள் ஒருவர்தான். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே வாரண்டி எழுதித் தருவீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். உங்கள் முகம் வாடிப்போனது.

"சொந்தத்துக்குள்ள எழுத்தா மாமா? பொண்ணு எடுக்கும்போ வாரண்டி கேட்டா வாங்குவோம்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். வாரண்டி இல்லாமல், ஆனால் உங்கள் மனம் நோகாமல் வீடு திரும்பினோம்.

இரண்டாவது. கார் தயாரான அன்று ரோட்டைப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தீர்கள். அத்தை ஏறினாள், அழகாக ஓட்டினாள், வீட்டு ஷெட்டுக்குள் மூக்கை விட்டாள். மறுநாள் வெளியே எடுக்க ரிவர்ஸ் போட்டபோது கார் நின்ற இடத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் கூடுகிறது, நகர்வதில்லை. முன்னால் போகச் சொன்னால் மட்டும் குழந்தையைப் போலப் போகிறது. ஆனால் முன்னால் ஷெட்டுச் சுவர்.

மூன்றாவது, நாங்கள் படும் பாடு. அது இப்போது எங்கள் தெருவுக்கே தெரியும். அத்தை எங்கே போவதானாலும் பக்கத்து வீட்டு ஞானசிங்கும் நானும் காரைப் பின்னால் தள்ளி ரோட்டில் விட வேண்டும். ஞானசிங் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. "சாரே, பென்ஷன் வாங்குத வயசுல வண்டி தள்ளுதீயளே, இந்த வண்டிக்குப் பென்ஷன் குடுத்துட்டா என்ன?" என்று தள்ளும்போதெல்லாம் கேட்கிறார். பின்னால் எடுக்காமல் போய்த் திரும்பி வருகிற வழிகளையே நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். முட்டுச் சந்தில் வீடு கட்டியிருக்கும் உறவினர்களைப் பார்க்கப் போவதில்லை. அவர்கள் ஏதோ வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பத்மநாபபுரத்தில் நடந்ததை நீங்கள் கட்டாயம் அறிய வேண்டும். அத்தையின் தோழி வீட்டுக்குப் போய்விட்டு ஒடுக்கமான பாதையில் வந்துகொண்டிருந்தோம். எதிரே அரண்மனை பார்க்க வந்த கேரளத்து வேன் ஒன்று வந்து மூக்கோடு மூக்காக நின்றது. எங்களுக்குப் பின்னால் கார் ஒன்று ஒதுங்குகிற அளவுக்கு இடம் இருந்தது. ஒரு வண்டி நீளம் நாங்கள் பின்னால் போனால் எல்லாம் சரி. வேன் டிரைவர் இறங்கி வந்து தன்மையாகத்தான் கேட்டார்.

"அம்மச்சி, கொறச்சு பொறகோட்டு எடுக்கணும்."

அத்தை கண்ணாடியை இறக்கினாள். "இது பொறத்த போற வண்டி இல்ல மக்கா. நீ வேணும்னா எடு."

"அம்மச்சி, நான் இத்தறயும் தூரம் வந்நு."

"நானும் இம்புட்டு தூரம் வந்திருக்கேம்லா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் டாஷ்போர்டைப் பார்த்தேன். வேனுக்குள் இருந்தவர்கள் இறங்கினார்கள், கடைக்காரர்கள் வந்தார்கள், ஒரு பெரியவர் வெற்றிலை போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொல்லக் காத்திருந்தார். கடைசியில் வேன்தான் வளைவு வரைக்கும் பின்னால் போனது. கூட்டத்தில் ஒரு பெண், "கண்டியா, அம்மைக்க தைரியத்த" என்றாள். அது தைரியமில்லை, கியர்பாக்ஸ் என்று இறங்கிச் சொல்ல நினைத்தேன். அத்தை என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

சிரிக்கிற விஷயம் போலத் தோன்றும். ஆனால் சிவபிரசாத் கொடைக்கு லீவில் வருகிறான். போன முறை வண்டி படுத்தபோதே போனில் சொல்லிவிட்டான்: "இனி ஒருக்கா மக்கர் பண்ணிச்சுன்னா வித்துருவேன் அப்பா. அம்மா ஆட்டோவுல போனாப் போதும்." அவன் வந்ததும் முதல் வேலையாகச் சாவியை எடுத்து ரிவர்ஸ் போட்டுப் பார்ப்பான். அவன் சுபாவம் அது. உங்கள் அத்தை கார் ஓட்டக் கற்றது அறுபது வயதுக்குப் பிறகு. அதுவரை எங்கே போவதானாலும் அவளுடைய அப்பாவிடமோ என்னிடமோ மகனிடமோ கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். யாரையும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாறேன்" என்று மட்டும் சொல்லிக் கிளம்புவது இந்தக் காரினால் வந்தது. அவள் அப்படிச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிடுக்கு உண்டு. ஆட்டோவை வரச்சொல்லி வாசலில் காத்துநின்றால் அது இருக்காது. இதை அவளிடம் நான் சொன்னதில்லை. உங்களிடம் எழுதிவிட்டேன்.

நான்காவது. நான் உங்களிடம் நேரில் சொன்னது. முதல் தடவை பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் எழுந்து வந்து நாற்காலி போட்டீர்கள். காப்பி வந்தது, முந்திரிக்கொத்துப் பலகாரம் வந்தது. நம் பக்கத்தில், வந்தவரிடம் "என்ன காரியமா வந்திய?" என்று முந்திக் கேட்டால் போகச் சொல்வதுபோல் ஆகும். வந்தவரும் காப்பி குடிக்குமுன் காரியத்தைப் பேசக் கூடாது. காப்பி குடித்தபின் அதைக் கொடுத்தவரையே குறை சொல்வதும் அழகில்லை. அந்த இடைவெளி எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனாலும், "அத்தை வண்டி ஓட்டுதாளா மாமா?" என்று நீங்கள் கேட்டபோது, "முன்னால் நன்றாகப் போகிறது" என்றேன். முன்னால் என்ற இடத்தில் அழுத்தம் கொடுத்தேன். நீங்கள் மிகவும் சந்தோஷப்பட்டீர்கள்.

அடுத்த தடவை, சொந்தக்காரர் இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஏத்தன் வாழைக்குலை ஒன்றைச் சுமந்து வந்தேன். குலையைக் கொடுத்துக்கொண்டே குறையைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அதற்கடுத்த தடவை உங்கள் மைத்துனருக்கு நிச்சயதாம்பூலம். "மாமா வந்தது நல்லதாப் போச்சு, பெரியவங்க ஒருத்தரு கொறையுது" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தாம்பூலத் தட்டு மாற்றினேன். அங்கே உங்கள் கார் எவ்வளவு அழகாகப் பின்னால் போய் நின்றது! என்னை அறியாமல், "என்ன அருமையாகப் பின்னால் போகிறது" என்று சொல்லிப் பெருமூச்சும் விட்டேன். இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்ல முடியும்? நீங்கள் சொன்னது: "எல்லாம் ரிவர்ஸ் கேமரா மாமா. உங்களுக்கும் ஒண்ணு மாட்டித் தாறேன். காசெல்லாம் பேசாதிங்கோ."

சொன்னபடியே உங்கள் மெக்கானிக் சுஜின் வீட்டுக்கு வந்து, ஷெட்டில் நின்ற காரிலேயே கேமராவை மாட்டிவிட்டுப் போனார். இப்போது ரிவர்ஸ் போட்டால், எங்களால் போக முடியாத இடம் திரையில் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

போனிலும் முயன்றேன். உங்களிடம் கணக்குப் பார்க்கும் பிந்து என்னை ஒர்க்‌ஷாப்பின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். அதன் பெயர் குடும்பம். குறையை விரிவாகத் தட்டச்சு செய்து, எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தபோது, உங்கள் மகள் பிறந்தநாள் என்று படம் வந்தது. எழுதியதை அழித்துவிட்டு வாழ்த்து அனுப்பினேன். அதற்கு நீங்கள் கைகூப்பிய படம் அனுப்பியிருந்தீர்கள்.

ஐந்தாவது. ஏத்தன்குலையோடு நான் வந்த அன்று கடியப்பட்டணத்தில் மீன் ஏலம் எடுக்கும் மரியஜானும் வந்திருந்தார். அவருக்கும் நீங்கள் மாட்டிய கியர்பாக்ஸ்தான். அவரிடம் தேரூர் சித்தி பலிக்காது என்று உங்களுக்குத் தெரியும். வேறு வழியில் போனீர்கள்.

"அண்ணன் கடியப்பட்டணமா? எங்கூட மஸ்கட்டுல ஜெஸ்பின்னு ஒருத்தன் இருந்தான். எனக்குத் தம்பி மாதிரியாக்கும்."

"எனக்கு அவன் தம்பி மாதிரி இல்ல வோய், தம்பியேதான். வண்டிய உம்மகிட்ட கொண்டு போன்னு சொன்னதும் அவன்தான். அவனத் தனியாப் பாக்கணும்."

"மொதல்ல ஒரு காப்பி குடியுங்கோ அண்ணே."

"காப்பி எங்க வீட்டுலயும் உண்டு. கியரு போட்டா வண்டி ஒறங்குது. எழுப்பி விடும், நான் போறேன்."

அவர் உட்காரவே இல்லை. அதைத்தான் நான் கவனித்தேன். நின்றபடியே இருந்தார். சாயங்காலத்துக்குள் வண்டி எழுந்துவிட்டது. காத்திருக்கும்போது என் பக்கம் திரும்பி, "சாரு எதுக்கு வந்திருக்கீரு?" என்று கேட்டார். இத்தனை வருகையிலும் என்னிடம் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அப்போது என் வாய் நிறைய முந்திரிக்கொத்து இருந்தபடியால், "சும்மா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

இதிலிருந்து நான் அறிவது: உறவில்லாதவருக்கு வேலை நடக்கிறது, உறவுக்காரருக்கு உபசாரம் நடக்கிறது. ஊரிலுள்ள எல்லோரையும் நீங்கள் உறவாக்கிக்கொண்டால் ஒருவருடைய வண்டியையும் திரும்பத் தொட வேண்டியிராது. இது கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது. அடித்துவிடலாமென்று பார்த்தேன், கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது, வேண்டுகோள். சிவபிரசாத் வருமுன் கியர்பாக்ஸைச் சரிசெய்து கொடுங்கள். முடியாதென்றால், தயவுசெய்து இந்த உறவைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். வண்டி சரியானபின் தொடரலாம்.

உங்கள் மனைவிக்கு என் ஆசி. மகள் நன்றாகப் படித்து முன்னேறட்டும். மைத்துனர் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவோம். மண்டைக்காட்டு அம்மன் உங்கள் தொழிலை விருத்தியாக்கட்டும், வந்த வண்டி திரும்பி வராதபடிக்கு.

இப்படிக்கு,
மாமா தாணுமாலயன்

பின்குறிப்பு: இக்கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உறையில் போடுமுன் பிழை பார்க்கட்டும் என்று உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள். மூன்றாவதை இரண்டு முறை படித்தாள். நான்காவதில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு மட்டமும் வந்து 'பேசிட்டு வந்தேன்'னு சொன்னியளே. ரிவர்ஸ் போகல்லன்னு என்னைக்குச் சொன்னிய?"

நான் யோசித்தேன். முறையாக, ஒவ்வொரு தடவையாக எடுத்து யோசித்தேன்.

அவள் சாவியை எடுத்துவிட்டாள். இப்போது ஞானசிங் காரைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கடிதத்தை அவளே உங்கள் கையில் தருவாள். நீங்கள் இதைப் படிக்கும்போது எங்கள் கார் உங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் மூக்கை உள்ளே விட்டு, வழியை அடைத்து நின்றுகொண்டிருக்கும். உள்ளே இருக்கிற எந்த வண்டியும் வெளியே வர முடியாது. எங்கள் வண்டி பின்னால் வந்தால்தான் வழி. தள்ளிவிடலாமென்று நினைக்க வேண்டாம், ஹேண்ட்பிரேக்கை அத்தை விட மாட்டாள்; அது பின்னால் வருவது உங்கள் கையில். அத்தை காப்பி குடிக்க மாட்டாள், கேட்க வேண்டாம். நானும் பக்கத்து சீட்டில்தான் இருப்பேன். ஆனால் இறங்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன். எனக்கு நாற்காலி போடாதீர்கள், நான் உட்கார்ந்துவிடுவேன்.

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். நான்காவது தவறு. நான் உங்களிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.