என் தாடையைப் பார்த்து போன் சொன்னது

நான் எழுதிய மென்பொருளை நானே முழுசாக நம்பியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும் நம்பியிருக்கக் கூடாது.

அது இரண்டாயிரத்துப் பதினேழு. ஆக்லாந்தில் விடாத குளிர்கால மழை. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் முதலாளி டேரன், நான், ஒரு ஹீட்டர். (ஹீட்டருக்குப் பாதி நாள் லீவு.) தோலில் இருக்கும் மச்சத்தை போனில் படம் பிடித்தால், அது வெறும் மச்சமா, புற்றுநோயாக இருக்குமா என்று சொல்கிற ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். இந்த ஊர் வெயிலுக்கு அந்த நோய் அதிகம். படம் போனை விட்டு வெளியே போகக் கூடாது, சிக்னல் இல்லாத கடற்கரையிலும் வேலை செய்ய வேண்டும் என்பது டேரனின் கட்டளை. அதாவது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் கால் நீட்டிப் படுத்திருந்த மாடலை (படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் மூளை அதுதான்) நான் போனுக்குள் மடக்கித் திணிக்க வேண்டும்.

திணித்தேன். முதலில் போன் தோசைக்கல்லாகக் கொதித்தது. பிறகு மாடலுக்குள் இருந்த எண்களின் தசமங்களையெல்லாம் வெட்டி எறிந்து அதைக் கால்வாசியாகச் சுருக்கினேன். போன் ஆறிவிட்டது, மாடலுக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது. கறுப்பாக எதைக் காட்டினாலும் சிவப்புக் கட்டம் போட்டு, உடனே டாக்டரைப் பாருங்கள் என்றது. சட்டைப் பொத்தானுக்குச் சொன்னது. பாயசத்தில் கிடந்த திராட்சைக்கும் சொன்னது.

இதை நான் டேரனிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் முதலீட்டாளர் வருகிறார். அவர் பணம் போட்டால் கம்பெனி இருக்கும், கம்பெனி இருந்தால் வேலை, வேலை இருந்தால்தான் விசா. மவுண்ட் ஆல்பர்ட்டில், ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகவே தண்ணீர் வழியும் ஒரு பழைய மர வீட்டின் பின்பாதியில், மனைவி சுமதியும் ஆறு மாதக் குழந்தையும் அந்த விசாவில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே மாடல் சரியாகச் சொல்லும் பத்துப் படங்களை மட்டும் பொறுக்கி அச்சடித்து வைத்துக்கொண்டேன்.

அவர் வரும் நாள் காலை நான் கிளம்பும்போது குழந்தை அழுதாள். தூக்கி, கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

முதலீட்டாளர் பெயர் கோலின். எழுபது வயது இருக்கும். பால் பண்ணைகளை விற்றுவிட்டுத் தனியாக இருந்தார். மனைவி ஹெலனுக்கு முதுகில் ஒரு மச்சம் இருந்ததாம். யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. இதை அவர் மழையைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு அப்போதே அந்தப் பத்துப் படங்களைக் கிழித்துப் போடத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பத்துக்குப் பத்தும் சரியாக வந்தது. கோலின் தலையாட்டினார். "படம் போதும். உன் தாடையில ஒண்ணு இருக்கே, அதைக் காட்டு."

என் தாடையில் எதுவும் கிடையாது. டேரன் போனை வாங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். சிவப்புக் கட்டம், தொண்ணூற்றேழு சதவீதம்.

"காலையிலயே பார்த்தேன்" என்றார் டேரன் மெதுவாக. "எப்படிச் சொல்றதுன்னு தெரியல." (இந்த ஊரில் முகத்தில் என்ன இருந்தாலும் சொல்ல மாட்டார்கள். மரியாதை.)

போனிலேயே முகத்தைப் பார்த்தேன். ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் இழுபட்டு, நடுவில் கரேலென்று, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே ஒன்று. திராட்சைக்கு அதே சிவப்புக் கட்டம் போட்ட போன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தன் முகத்துக்கு என்று வரும்போது யாருக்கும் திராட்சை ஞாபகம் வருவதில்லை. அப்படியே நம்பிவிட்டேன்.

கோலின் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. அதுதான் பெரிசு" என்றார். பிறகு டேரன் பக்கம் திரும்பி, "நான் பணம் போடறேன்" என்றார். டேரனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு கண்ணால் ஒன்றும் மறு கண்ணால் இன்னொன்றும் செய்ய முயற்சி செய்தார்.

என்னைக் கிளினிக்குக்குப் போகச் சொல்லி அனுப்பினார்கள். நான் வீட்டுக்குப் போனேன். பிரிட்டோமார்ட்டில் ரயில் மாறி மவுண்ட் ஆல்பர்ட் வருவதற்குள், சுமதி குழந்தையோடு தனியாகத் திருச்சிக்கு விமானம் ஏறுவதுவரை மனசுக்குள் பார்த்து முடித்துவிட்டேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். புள்ளியைத் தொட்டால் பரவிவிடும் என்று தாடைப் பக்கம் கையே கொண்டுபோகவில்லை.

கதவைத் திறந்தவளிடம், "சுமதி, உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

அவள் உட்காரவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு என் தாடையில் ஓர் இழுப்பு இழுத்தாள். விரலைக் காட்டினாள். கறுப்பு மை.

"பாப்பாவோட திருஷ்டிப் பொட்டு. பாத்துக் கொஞ்சக் கூடாதாங்க? இதோடவா ஊரெல்லாம் சுத்துனீங்க?"

நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற நேரம்வரை அது சந்தோஷ அழுகை. அதற்குப் பிறகுதான் கோலின் ஞாபகம் வந்தது. நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். சுமதி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கும் வச்சு அனுப்பட்டுமா?"

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதையும் யோசித்தேன். இரண்டு வாரம் பொட்டு, அப்புறம் ஆபரேஷன் என்று சொல்லி ஒரு பிளாஸ்டர். பிளாஸ்டர் தெருமுனை டேரியிலேயே கிடைக்கும். (இந்த ஊரில் பெட்டிக்கடைக்கு டேரி என்று பெயர்.) என் முகத்தில் கணக்கு ஓடுவதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "விளையாட்டுக்குச் சொன்னேன். அந்த மனுஷன் பொண்டாட்டியத் தூக்கிக் குடுத்திருக்காருங்க."

மறுநாள் டேரன், கோலின் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, பொத்தான், திராட்சை, பொறுக்கிய பத்துப் படம். டேரன் ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன்" என்றார் கோலின். "ஒருத்தனாவது தப்பிச்சானேன்னு." கோட்டை மாட்டிக்கொண்டார். "உனக்கு ஒண்ணுமில்லைங்கறதுல சந்தோஷம்தான்." கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மூன்று மாதத்தில் கம்பெனி இல்லை. விசா முடியப் பதினொரு நாள் இருக்கும்போது தகனினி என்ற இடத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. பெட்டி எண்ணும் மென்பொருள். பெட்டிகளுக்கு நோய் வராது.

இன்றைக்கும் நான் எதற்காவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால் சுமதி கட்டைவிரலை நாக்கில் தொடுவாள். மகள், தமிழில் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறவள், "வைப் இட், அப்பா" என்பாள். (துடைச்சுக்கோங்க என்று அர்த்தம்.) வீட்டுக்கு யார் வந்தாலும் சுமதி இந்தக் கதையைச் சொல்வாள். என்னைவிட நன்றாகவே சொல்வாள். 'நாளைக்கும் வச்சு அனுப்பட்டுமா' வரும்போது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கேயே நிறுத்திவிடுவாள். போன மாதம் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா மட்டும் விடவில்லை.

"பிறகு அந்த மனுசன் என்ன சொன்னவர்?"

"பணம் போடலக்கா" என்று சொல்லிவிட்டு சுமதி டீ போட எழுந்துபோனாள்.